குளிர் அறையின் பின்வரிசை

கோல்ட் ஸ்டோரேஜுக்குள் ஒரு ஆடிட்டர் எவ்வளவு நேரம் நிற்க வேண்டும் என்று எங்கள் விதிகள் எதிலும் எழுதியிருக்காது. எதைப் பார்க்க வேண்டும், எதை எதோடு ஒப்பிட வேண்டும் என்று பக்கம் பக்கமாக இருக்கும். மூக்கு நுனி மரத்துப்போய், பேனா எழுத மறுத்து, இமை இமையோடு ஒட்டிக்கொள்ளும்போது ஒருத்தி எத்தனை வரிசை தாண்டி உள்ளே போவாள் என்பது பற்றி ஒரு வரி கிடையாது.

நான் செங்கல்பட்டில், ரயில்வே ஸ்டேஷனிலிருந்து நடந்துபோகிற தூரத்தில் இருந்த ஒரு சின்ன ஆடிட் ஆபீசில் வேலை பார்த்தேன். மாடியில் மூன்று அறை. அதை நடத்தினவர் அறுபதைத் தாண்டியவர். எங்கள் எல்லோருக்கும் அவர் வெறும் ‘சார்’. நான் பாஸ் பண்ணிவிட்டு வந்ததிலிருந்து அவரிடம்தான் இருந்தேன். என் கணவருக்குக் கல்பாக்கத்தில் வேலை, அணுபுரத்தில் வீடு. காலையில் அவர் கம்பெனி பஸ்ஸில் கிழக்கே போவார், நான் டவுன் பஸ்ஸில் மேற்கே போவேன்.

எங்கள் ஆபீசின் பெரிய கிளையன்ட் ஓர் இறால் கம்பெனி. கடற்கரைக்குப் போகிற சாலையில், சவுக்குத் தோப்பைத் தாண்டினால் அதன் நீல தகரக் கூரை தெரியும். பண்ணைகளிலிருந்து வருகிற இறாலை உரித்து, கட்டியாக உறையவைத்து, பெட்டியில் அடைத்துக் கப்பலேற்றுவார்கள். சுற்றியிருக்கிற மீனவக் குப்பங்களிலிருந்தும் உள்ளே தள்ளியிருந்த காலனியிலிருந்தும் பெண்கள் அங்கே வேலைக்கு வந்தார்கள்.

முதலாளி நல்ல மனுஷர். இதை நான் இன்றைக்கும் மாற்றிச் சொல்ல மாட்டேன். என் அம்மா செங்கல்பட்டு ஆஸ்பத்திரியில் கை கால் விழுந்து கிடந்தபோது, யாரும் கேட்காமலே டிரைவரோடு காரை அனுப்பிவைத்தார். அம்மா வீடு திரும்புகிறவரை அந்தக் கார் ஆஸ்பத்திரி வாசலிலேயே நின்றது. லாக்டவுனில் உரிக்கிற பெண்கள் வீட்டுக்கெல்லாம் அரிசி மூட்டை போனது. அப்படிப்பட்டவரிடம் போய் ‘உங்கள் சரக்கை ஒவ்வொன்றாக எண்ணணும்’ என்று சொல்ல யாருக்கு நாக்கு வரும்?

மார்ச் கடைசியில் ஸ்டாக் பார்க்கப் போவது வழக்கம். என் கூட வேலை செய்தவர்கள்தான் போவார்கள். காலையில் டீயும் ஃபைலும். மதியம் முதலாளி எல்லோரையும் மாமல்லபுரத்தில் கடலைப் பார்த்த ஒரு ஹோட்டலுக்கு அழைத்துப்போவார். வஞ்சிரம் வறுவல், நண்டு, தயிர் சாதம். திரும்பி வரும்போது கண் சொக்கும். ஜாக்கெட்டை மாட்டிக்கொண்டு குளிர் அறையின் வாசலில் நின்று, முன்வரிசையில் குறுக்கே எத்தனை பெட்டி, உயரத்தில் எத்தனை பெட்டி என்று எண்ணி, உள்ளே எத்தனை வரிசை என்று அங்கிருப்பவரைக் கேட்டு, பெருக்கிக்கொண்டு வந்துவிடுவார்கள். அவர்கள் யாரும் திருடர்கள் இல்லை. ஒருவருக்கு வீட்டில் கைக்குழந்தை. ஒருவருக்கு மறுநாள் இன்னொரு கம்பெனி முடிக்க வேண்டும். நடுவில் சார் போன் பண்ணி, “முடிஞ்சிதாப்பா? நம்ம பார்ட்டிதான்” என்பார். அந்த ‘நம்ம’வில் எல்லாம் அடங்கிவிடும்.

அந்த வருஷம் ஆள் குறைந்ததால் அவர்களோடு என்னையும் அனுப்பினார்கள். நான் போன நாள் கிருத்திகை. சாயங்காலம் வரை எதுவும் சாப்பிட மாட்டேன். மற்றவர்கள் காரில் ஏறி ஹோட்டலுக்குப் போனார்கள். முதலாளி மட்டும் இறங்கி வந்து, “ஜூஸாவது குடிங்க மேடம்” என்று வற்புறுத்தினார். மறுத்தேன். கார் போனது. எனக்குச் செய்ய ஒன்றுமில்லை. தைரியசாலி என்று என்னை யாரும் நினைக்க வேண்டாம். வெறும் வயிறும் வெறும் நேரமும்தான் என்னை அந்தக் கதவுப் பக்கம் தள்ளின.

குளிர் அறையைப் பார்த்துக்கொண்ட பெண் வெளியே வெயிலில் உட்கார்ந்து கையைச் சூடுபடுத்திக்கொண்டிருந்தாள். நாற்பது வயசிருக்கும். கம்பளிக் குல்லா, அதற்கு மேல் பிளாஸ்டிக் குல்லா, முழங்கால் வரை ரப்பர் பூட்ஸ்.

“சாப்ட போவலியா மேடம்?”

“இன்னிக்கு விரதம். அவங்க வர்றதுக்குள்ள எண்ணிடலாம்னு பாக்கறேன்.”

“வயித்துல ஒன்னும் இல்லாம உள்ள வராதீங்க. ஜில்லு எலும்புல ஏறிக்கும்.”

ஆனாலும் எழுந்து கதவைத் திறந்தாள். தன் மஃப்ளரை எடுத்து என் காதைச் சுற்றிக் கட்டிவிட்டாள். அதில் இறால் வாடை அடித்தது.

உள்ளே கம்ப்ரஸர் ‘ம்ம்ம்’ என்று ஒரே சுருதியில் இழுத்துக்கொண்டிருந்தது. முன்வரிசை நேராக, அழகாக இருந்தது. எண்ணினேன். பிறகு, “பின்னாடியும் பாக்கணும்” என்றேன்.

அவள் நின்றுவிட்டாள். “பின்னாடியா? பின்னாடி யாரும் போனதே இல்ல மேடம்.”

“வழி பண்ண முடியுமா?”

ஒரு தடவை கதவைத் திரும்பிப் பார்த்தாள். பிறகு பெட்டிகளை ஒதுக்கி ஓர் ஆள் நுழைகிற சந்து பண்ணினாள். நாலாவது வரிசையில் ஒரு பெட்டியைக் காட்டினேன். இறக்கினாள். கனம் சரியாக இருந்தது. லேபிளும் சரிதான். “இதைத் தொறங்க” என்றேன்.

“தொறந்தா இன்னா ஆவும் மேடம்?”

“ஒன்னும் ஆகாது. பாத்துட்டு மூடிடலாம்.”

கத்தியால் டேப்பைக் கிழித்தாள். நல்ல கட்டியில் உரித்த இறால் நெருக்கமாக, மடக்கின விரல்கள் மாதிரி அடுக்கியிருக்கும், மேலே மெல்லிசாக ஐஸ் போர்த்தியிருக்கும். இது கெட்டி ஐஸ். அதன் நடுவில், உரித்தபோது கிள்ளி எறிந்த தலைகள் மட்டும் அங்கங்கே உறைந்து நின்றன. மிளகு மிளகாகக் கண்கள். ஒவ்வொன்றும் ஒவ்வொரு திசையில் பார்த்துக்கொண்டிருந்தது.

“இன்னொன்னு” என்றேன். அதுவும் அப்படியே. மூன்றாவதை நான் சொல்லாமலே அவள் எடுத்துக் கிழித்தாள். நாலாவதையும் கிழித்தாள். நான்தான் அவள் கையைப் பிடிக்க வேண்டியிருந்தது.

“போதும், வாங்க” என்றாள் அவளே பிறகு. “உங்க ஒதடு நீலமா கீது.”

முதலாளி திரும்பி வந்தபோது நாங்கள் தூக்கி வந்த ஒரு கட்டி வெளியே சிமெண்டுத் தரையில், என் காலடியில் உருகிக்கொண்டிருந்தது. ஒவ்வொரு தலையாக விடுபட்டுத் தண்ணீரோடு ஓடியது. அவர் கத்தவில்லை. கவிழ்த்துப் போட்டிருந்த ஒரு பிளாஸ்டிக் கூடையின்மேல் உட்கார்ந்தார்.

“கப்பல்ல போன சரக்க வேணாம்னு திருப்பி அனுப்பிட்டாங்க மேடம். ரெண்டு தடவை. கடன் குடுத்த பேங்க்ல ஸ்டாக் காட்டலைன்னா அன்னிக்கே கதவ மூடணும். ஒரே ஒரு சீசன் குடுங்க, நேர் பண்ணிடறேன். இந்த ஷெட்டை நம்பி எத்தனை அடுப்பு எரியுதுன்னு உங்களுக்கே தெரியும்.”

அம்மாவுக்குக் கார் அனுப்பினதை அவர் சொல்லிக்காட்டவில்லை. காட்டியிருந்தால் எனக்குக் கோபம் வந்திருக்கும். அந்தக் கோபத்தைப் பிடித்துக்கொண்டு பின்னால் வந்த நாட்களைக் கடந்திருப்பேன்.

சாருக்குப் போன் பண்ணினேன். ஒரு மணி நேரத்தில் வந்தார். ஜாக்கெட்கூடப் போடாமல் உள்ளே போனார். வெளியே வந்தபோது அவர் கண்ணாடி முழுக்கப் பனி படிந்திருந்தது. அதைத் துடைக்காமலே காரில் ஏறினார். நானும் ஏறினேன். கார் திருக்கழுக்குன்றத்தைத் தாண்டியது. அப்புறம் ஜன்னல் பக்கம் பார்த்துக்கொண்டே சொன்னார்:

“நீயும் சாப்பிடப் போயிருக்கக் கூடாதாம்மா?”

அடுத்த நாள் ரிப்போர்ட்டைத் தணித்து எழுதச் சொல்வார் என்று நினைத்தேன். வேறு வேலைக்குக்கூட மனசைத் தயார் பண்ணிக்கொண்டேன். அவர் என்னைக் கூப்பிட்டு எதிரே உட்காரவைத்தார். “உன் எடத்துல நான் இருந்திருந்தா பின்னாடி போயிருப்பேனா? உண்மையச் சொல்லு” என்று கேட்டார். நான் தலையைக் குனிந்துகொண்டேன். அவர் உள்ளதை உள்ளபடி எழுதி, கையெழுத்துப் போட்டார்.

மழைக்காலம் வருவதற்குள் கம்பெனியை மூடிவிட்டார்கள். முதலாளி குடும்பத்தோடு எங்கோ ஆந்திரா பக்கம் போய்விட்டதாகச் சொன்னார்கள். சில நாட்கள் பெண்கள் கேட்டுக்கு வெளியே சாப்பாட்டுக் கூடையோடு நின்றார்கள். திறந்துவிடுவார்கள் என்று நம்பிக்கை. என் பஸ் அந்த வழியாகத்தான் போகும். நான் கம்பெனி தெரிகிற பக்கத்துச் சீட்டில் உட்காருவதை விட்டுவிட்டேன்.

ஆனாலும் அந்த இடம் வந்தால் எனக்குத் தெரிந்துவிடும். கரன்ட் இணைப்பைப் பிடுங்கி, மெஷினைக் கழற்றி எடுத்துப்போன பிறகும், அந்த ‘ம்ம்ம்’ கேட்கும். பஸ் இன்ஜின்தான் என்று சொல்லிக்கொள்வேன். ஒரு நாள் அங்கே பஸ் ரிப்பேராகி இன்ஜினை நிறுத்தினார்கள். அப்போதும் கேட்டது. பக்கத்து சீட்டில் இருந்த ஒரு கிழவி, “இன்னா சத்தம் அது?” என்று கேட்டாள். நான் தெரியாது என்றேன். கேட்டது அவளா, இல்லை என் மனசா என்று இப்போது சந்தேகமாக இருக்கிறது. வீட்டில் ஃப்ரிட்ஜ் உறுமினால் எழுந்துபோய்த் திறந்து பார்ப்பேன். “ஃப்ரீசர்ல என்ன தேடற?” என்பார் கணவர். இறால் வாங்குவதை நிறுத்தினோம்.

சாரின் நிலைமை இன்னும் மோசம். அதுவரை ஃபைலைப் புரட்டிக் கையெழுத்துப் போட்டவர், எல்லா இடத்துக்கும் தானே போக ஆரம்பித்தார். ரைஸ் மில்லில் அடி மூட்டையை இழுக்கச் சொன்னார். ஜவுளிக் கடையில் ஒவ்வொரு கட்டையும் பிரித்துப் பார்த்தார். “என்ன சார், எங்களையே சந்தேகப்படறீங்களா?” என்று பழைய கிளையன்ட்கள் ஒவ்வொருவராக விலகினார்கள். அவர் தேடியது அவர்களிடம் இல்லை. போன வருஷங்களில் தான் போட்ட கையெழுத்துக்குப் பின்னாலும் தலைகள்தான் இருந்தனவா என்று அவருக்குத் தெரிய வேண்டியிருந்தது. அதைத் தெரிந்துகொள்ள வழியே இல்லை. அந்தச் சரக்கெல்லாம் எப்போதோ கப்பலேறியிருந்தது, அல்லது ஏறாமலே இருந்தது.

ஆபீசை மூடினார். நான் சென்னை ஆடிட் கம்பெனி ஒன்று செங்கல்பட்டில் திறந்த கிளையில் சேர்ந்தேன். அதற்குப் பிறகு அவருக்கு ஞாபகம் தடுமாற ஆரம்பித்தது. மத்தியான வேளையில் போன் வரும். “பின்வரிசை பாத்தியாம்மா?” “பாத்துட்டேன் சார்.” “எல்லாம் சரியா இருந்துதா?” முதல் தடவை உண்மையைச் சொன்னேன். மறுமுனையில் அவர் அழுதது கேட்டது. அதன் பிறகு, “சரியா இருந்துது சார்” என்றே சொல்லிவந்தேன். போன தை மாசம் அவர் போய்ச் சேர்ந்தார்.

அந்த மாசிதான் மாமல்லபுரத்தில் ஒரு ரிசார்ட்டுக்கு ஆடிட் போனேன். துணி ஸ்டாக் பார்க்கப் பின்பக்கம் போனபோது வெள்ளைப் படுக்கை விரிப்புகள் கொடி கொடியாகக் காற்றில் அடித்துக்கொண்டிருந்தன. அவற்றுக்கு நடுவிலிருந்து ஒரு குரல்.

“ஆடிட்டர் மேடம்தான?”

குல்லா இல்லாமல் எனக்கு அடையாளம் தெரியவில்லை. குரலை வைத்துத்தான் கண்டுபிடித்தேன்.

பக்கத்தில் போய், “அன்னிக்கு நீங்க கேட்டீங்க, தொறந்தா என்ன ஆகும்னு. ஒன்னும் ஆகாதுன்னு சொல்லிட்டேன்” என்றேன்.

“எனக்குத் தெரியாதா இன்னா ஆவும்னு? தல போட்டு, தண்ணி ஊத்தி, ஃப்ரீசர்ல வெச்சதே நாந்தான்.”

“அப்புறம் ஏன் வெட்டிக் குடுத்தீங்க?”

கொடியிலிருந்து ஒரு விரிப்பை உருவினாள். “பேஜாரா பூட்ச்சி மேடம். வூட்டுக்குப் போய் கண்ண மூடினா அந்த கண்ணுங்கோ வந்து நிக்கும். யாராச்சும் பாத்துட மாட்டாங்களான்னு இருந்துச்சி. வர்றவங்க எல்லாம் வாசல்லயே நின்னுட்டு பூடுவாங்க. நீங்கதான் கேட்டீங்க.”

விரிப்பை நாலாக மடித்துத் தோளில் போட்டுக்கொண்டாள். பிறகு அவள் சொன்னாள்: “நீங்க எழுதிட்டு பூட்டீங்க. நான் அங்கயே கீறேன். பெட்டிய வெட்டுனது இவதான்னு எங்க தெருவுல எல்லாருக்கும் தெரியும். எதுர் வூட்டுக்காரி, என்னோட ஒரே மேசையில நின்னு உரிச்சவ, அன்னிலேர்ந்து எங்கிட்ட பேசறதில்ல.”

“நான் வந்து சொல்லட்டுமா? நான்தான் வெட்டச் சொன்னேன்னு?”

“வா. வந்து இன்னான்னு சொல்லுவியோ சொல்லு” என்றாள். ‘மேடம்’, ‘நீங்க’ இரண்டையும் அவள் விட்டிருந்தாள்.

ஞாயிற்றுக்கிழமை அவள் தெருவுக்குப் போனேன். தெருக் குழாயடியில் எதிர் வீட்டுக்காரி குடம் பிடித்துக்கொண்டிருந்தாள். நான் யார் என்று சொன்னேன். வெட்டச் சொன்னது நான்தான், அவள் மேல் தப்பில்லை என்றேன். எதிர் வீட்டுக்காரி குடம் நிரம்புகிறவரை என்னைப் பார்க்கவே இல்லை.

“நீ சொன்ன, அவ வெட்னா. சரி. சாவி இல்ல, கத்தி இல்லன்னு எதுனா சொல்லிட்டு இருந்திருக்கலாமில்ல?”

தன் வீட்டு வாசலில் நின்ற குளிர் அறைக்காரி அங்கிருந்தே சொன்னாள்: “தோணல.”

எதிர் வீட்டுக்காரி சட்டென்று அவள் பக்கம் திரும்பினாள். “தோணலயா? எம் பொண்ண காலேஜ் நிறுத்தி சிங்கப்பெருமாள் கோயிலாண்ட கம்பெனி வேன்ல ஏத்தி விட்டேனே, அப்பவும் உனுக்கு ஒன்னும் தோணலயா?”

“எம் பையனும்தான் படிப்ப நிறுத்திட்டான். நான் இன்னா மாளிகை கட்டிகினு உக்காந்துனு கீறனா?”

அத்தனை நாளாகப் பேசாமல் இருந்ததெல்லாம் வெளியே வந்தது. யார் எதைக் கடன் வாங்கினாள், யார் யாருக்கு ஜுரத்தில் கஞ்சி வைத்துக் கொடுத்தாள், கடைசி மாசச் சம்பளத்துக்கு யார் முன்னால் நின்றாள் என்று ஒன்றுக்குப் பின் ஒன்றாக வந்தது. இரண்டு பேரும் தெருவின் நடுவுக்கு வந்துவிட்டார்கள். நான் அங்கே இருப்பதை இருவருமே மறந்துபோனார்கள். குழாயில் தண்ணீர் போய்க்கொண்டே இருந்தது. நான் போய் அதை மூடினேன்.

பஸ் ஸ்டாப் வரைக்கும் அவர்கள் சண்டை எனக்குக் கேட்டது. பஸ் வந்தும் நான் ஏறவில்லை. அந்தச் சத்தத்தைக் கேட்டுக்கொண்டே அடுத்த பஸ்ஸுக்கு நின்றேன்.