மைதானத்துக்குப் பனியன் துணி கட்டிய ராஜவேல்

ராஜவேல் தன் வாழ்நாளில் ஒரு பந்தைக்கூடக் காலால் உதைத்ததில்லை. வாசலுக்கு உருண்டு வந்த பந்தையும் குனிந்து கையால் எடுத்துத்தான் கொடுப்பார். ஆனால் நெருப்பெரிச்சல் பஸ் நிறுத்தத்தில் இறங்கி, "ஃபுட்பால் ராஜவேல் ஊடு எதுங்க?" என்று கேட்டால் யார் வேண்டுமானாலும் வழி காட்டுவார்கள். அவர் ஆடுகிறவர் இல்லை, பார்க்கிறவர். பார்க்க ஆள் இல்லாவிட்டால் இருபத்திரண்டு பேர் ஓடுவது வெறும் ஓட்டம்தானே, அதற்கு எதற்குப் பந்து என்பது அவர் கட்சி. இதை மறுத்துப் பேசி அவரிடமிருந்து சீக்கிரம் வீடு திரும்பியவர் எவருமில்லை.

தறிக்காரக் குடும்பம். அப்பா காலத்திலேயே தறியை விட்டுப் பனியன் கம்பெனிக்கு வந்துவிட்டார்கள். ராஜவேல் தையல்காரருக்குத் துணி எடுத்துக் கொடுக்கும் கைமடியாகச் சேர்ந்து, நிட்டிங் மெஷினில் நின்று, கடைசியில் துணி செக்கிங்கில் உட்கார்ந்தார். விளக்குப் பலகையின் மேல் துணி ஓடிக்கொண்டே இருக்கும். ஓட்டையும் எண்ணெய்க் கறையும் அவர் கண்ணுக்குத் தப்பாது. அறுபது தாண்டியும் அந்த நாற்காலியை விடவில்லை. வேலை பார்க்கும் நேரம் போக மற்ற நேரமெல்லாம் பேச்சு ஒன்றுதான்: கம்பெனியின் கந்தவேல் முதலாளி நடத்திய கால்பந்துக் கோப்பையும் அதற்கு வந்த கூட்டமும்.

அது எண்பதுகளின் கதை. கோடையில் கம்பெனிக்குப் பின்னால் இருந்த மைதானத்தில் போட்டி நடக்கும். சவுக்குக் கழி நட்டு, பனைமரத் துண்டு போட்டுக் கேலரி கட்டுவார்கள். சுற்றிலும் பஞ்சுப் பொதிச் சாக்கைப் பிரித்துத் தைத்து மறைப்பு. ஷிஃப்ட் முடிந்த சங்கு ஊதியதும் ஊரே சைக்கிளில் வந்து இறங்கும். கேலரி நிறைந்து, சுவர் நிறைந்து, வேப்பமரமும் நிறைந்துவிடும். சாயப்பட்டறைக்காரர்கள் கை கழுவ நேரமில்லாமல் ஓடி வருவார்கள். கோல் விழுந்து எல்லாரும் கத்திக்கொண்டே கையைத் தூக்கினால், அன்றைக்கு எந்தப் பட்டறையில் சிவப்பு ஓடியது, எதில் நீலம் ஓடியது என்று தெரிந்துவிடும். அந்தச் சத்தம் அடிவயிற்றில் போய் உட்காரும் என்பார் ராஜவேல். சொல்லும்போது வயிற்றைத் தொட்டும் காட்டுவார்.

அவர் கல்யாணமே ஓர் அரையிறுதி நாளில்தான் நடந்தது. காலையில் தாலி கட்டினார், மத்தியானம் பந்தியில் உட்கார்ந்தார், சாயங்காலம் மாப்பிள்ளையைக் காணோம். தேடிப் பிடிக்க மணப்பெண் மருதாளின் தாய்மாமனை அனுப்பினார்கள். அவரும் திரும்பவில்லை. பெனால்டி முடிந்த பிறகு இருவரும் தோளில் கை போட்டபடி வந்து சேர்ந்தார்கள். மருதாள் இன்றும் அதைச் சொல்லிக் காட்டாத நாளில்லை.

கூட்டம் ஒரே நாளில் கலைந்துவிடவில்லை. டிவி வந்தது, கொஞ்சம் பேர் குறைந்தார்கள். ஓவர்டைம் வந்தது, இன்னும் கொஞ்சம். பிறகு ஃபோன் வந்தது. போன வருட இறுதி ஆட்டத்துக்கு வந்திருந்தது ஆட வந்தவர்கள், அவர்கள் செருப்புக்குக் காவல் இருந்தவர்கள், ராஜவேல், ஒரு கடலைக்காரர். அந்தக் கடலைக்காரரும் இடைவேளையோடு வண்டியைத் தள்ளிக்கொண்டு போய்விட்டார்.

இந்த வருடம் கந்தவேலின் மகன் சிவசுப்பிரமணியம் ராஜவேலைக் கூப்பிட்டு உட்கார வைத்தார். நல்ல மனிதர், அப்பா பெயரில் நடக்கும் போட்டி என்று இத்தனை நாள் தாங்கிப் பிடித்தவர்.

"அண்ணா, தப்பா நெனச்சுக்காதீங்க. பாக்கறதுக்கே ஆளில்லாத ஆட்டத்த யாருக்குங்ணா நடத்தறது? இந்தத் தடவையும் இப்பிடியேன்னா இதோட நிறுத்திக்கலாமுங்க. எடத்துல குடோன் கட்டோணும்னு பசங்க கேட்டுட்டே இருக்கறாங்க."

"கூட்டம் வருமுங்க," என்றார் ராஜவேல். எங்கிருந்து வரும் என்று அவருக்கே தெரியாது.

இரண்டு நாள் சோறு இறங்கவில்லை. மூன்றாம் நாள் பிடி கிடைத்தது. அன்றைக்கு இருந்து இன்றைக்கு இல்லாதது என்ன? மறைப்பு! திறந்து போட்ட இடத்தை யாரும் எட்டிப் பார்ப்பதில்லை. மூடி வைத்தால் உள்ளே என்னமோ நடக்கிறது என்று ஊரே கழுத்தை நீட்டும். சாக்குக்கு எங்கே போவது? கம்பெனியில்தான் சாய ஷேடு மாறிப்போய்க் கழித்த துணி ரோல் ரோலாகக் கிடக்கிறதே. கேட்டார், எடுத்துக்கொள்ளுங்கள் என்று சொல்லிவிட்டார்கள். ஞாயிற்றுக்கிழமை காலையில் ஆள் வைத்து, மைதானத்தைச் சுற்றிக் கழி நட்டு, இளநீலப் பனியன் துணியை இழுத்து ஆணியடித்துக் கட்டினார். பார்க்கக் கல்யாணப் பந்தல் மாதிரித்தான் இருந்தது.

ஆனால் அது சாக்கில்லை, பனியன் துணி. இழுத்தால் நீளும், விட்டால் தொங்கும், வெட்டிய ஓரம் தானாகச் சுருளும். இந்த மூன்றையும் ஊருக்கெல்லாம் சொல்லிக் கொடுத்தவருக்கு அன்று ஒன்றும் ஞாபகம் வரவில்லை. மத்தியானக் காற்றில் துணி உப்பியது, தொங்கியது. கீழ் ஓரம் சுருண்டு சுருண்டு முழங்கால் உயரத்துக்கு ஏறிவிட்டது. ஆணி குத்திய இடத்திலெல்லாம் பின்னல் கண்ணி விட்டு, மேலிருந்து கீழே ஏணி ஏணியாகப் பிரிந்துகொண்டு போனது.

தூக்குப்போசியில் மோர் கொண்டு வந்த மருதாள் சுற்றிப் பார்த்துவிட்டு, "ஏனுங்க, மறைப்பா இது? மைதானத்துக்குப் பாவாட கட்டி உட்டமாதிரி இருக்குது," என்றாள். "காலமெல்லாம் துணி பாத்தவருக்கு இது தெரியாதுங்களா?"

ராஜவேலுக்குத் துணியைப் பற்றிக் கவலை இல்லை. தாராபுரம் அணிக்கும் நெருப்பெரிச்சல் அணிக்கும் இறுதி ஆட்டம் தொடங்கிவிட்டது. உள்ளே போட்ட பிளாஸ்டிக் நாற்காலிகள் காலியாகவே கிடந்தன. சிவசுப்பிரமணியம் பரிசு கொடுக்க வந்தால் அந்த நாற்காலிகளைத்தான் பார்ப்பார். கந்தவேல் முதலாளியின் கோப்பை தன் கண் எதிரில் முடியப்போகிறது.

அப்போதுதான் கிழக்குப் பக்கத் துணி தானாக விரிவது தெரிந்தது. பிரிந்த இடத்தில் விரலை விட்டு யாரோ இழுக்கிறார்கள். ஓட்டையில் ஒரு கண் தெரிந்தது. பக்கத்தில் இன்னொரு ஓட்டை, இன்னொரு கண்.

"எவன்டா அது, துணியக் கிழிக்கறது!" என்று கையை ஓங்கிக்கொண்டு வெளியே ஓடினார்.

வெளியே வரிசையாக முப்பது நாற்பது பேர் நின்றிருந்தார்கள். குனிந்து சுருளுக்குக் கீழே பார்ப்பவர்கள், ஒருவர் தோள்மேல் ஒருவர் ஏறி மேலே பார்ப்பவர்கள். எல்லாரும் வடக்கத்திப் பையன்கள், கம்பெனி விடுதிகளில் தங்கி வேலை செய்கிறவர்கள். முன்னால் நின்ற சுக்ராம் அவருக்குத் தெரிந்தவன்தான். ஜார்க்கண்டுக்காரன், அவர் செக்கிங் பலகைக்குத் தினமும் ரோல் தூக்கி வருகிறவன். அவன் பயந்துபோய்க் கும்பிட்டான்.

"சாரி அண்ணா. ஃபைனல் மேட்ச்னு இன்னிக்கிதான் தெரியும், அதான். எங்க ஊர்ல நெறைய ஃபுட்பால். உள்ள போக டிக்கெட் எங்க வாங்கறது?"

"டிக்கெட்டா? அதெல்லாம் ஒண்ணுமில்லப்பா. சும்மாதான்."

"சும்மாவா?" சுக்ராம் துணியைப் பார்த்தான், அவரைப் பார்த்தான். "அப்பறம் ஏன் அண்ணா மூடி வெச்சிருக்கு? நாங்க வரக்கூடாதுன்னு நெனச்சோம்."

ராஜவேலுக்கு முகத்தில் அறைந்தது போல இருந்தது. தினமும் பலகையருகில் வந்து நிற்கிறவனிடம் இத்தனை வருடத்தில் ரோல் நம்பரைத் தவிர வேறொன்றும் பேசியதில்லையே என்று வெட்கமாக வந்தது. ஊரில் யாருக்கும் ஆட்டத்தில் ஆசை இல்லை என்று புலம்பித் திரிந்தவர், ஆசை இருந்தவர்களையும் வெளியே நிறுத்தித் துணி கட்டியிருக்கிறார்.

அவர் துணியின் ஓரத்தைப் பிடித்து ஒரே இழுப்பாக இழுத்தார். ஆணிகள் தெறிக்கக் கிழக்குப் பக்கம் முழுவதும் சரிந்து விழுந்தது.

"வாங்கப்பா. அல்லாரும் வாங்க. வேற ஆருனாச்சும் இருந்தாக் கூப்புடு!"

சுக்ராம் ஃபோனை எடுத்து, "ஆ ஜாவோ பாய், ஃப்ரீ ஹை!" என்று, காசில்லாமல் பார்க்கலாம் வாங்க என இந்தியில் கத்தினான். அவ்வளவுதான். ஞாயிற்றுக்கிழமைச் சந்தைக்குப் போனவர்கள் பையோடு திரும்பினார்கள். விடுதி அறைகளில் துணி துவைத்துக்கொண்டிருந்தவர்கள் ஈரக் கையோடு வந்தார்கள். என்ன கூட்டம் என்று பார்க்க உள்ளூர்க்காரர்கள் வண்டியை நிறுத்தினார்கள். மேற்குப் பக்கத் துணியை யார் அவிழ்த்தது என்றே தெரியவில்லை. பெண்கள் ஒரு பக்கம் நின்றார்கள், நடுவில் மருதாள் தூக்குப்போசியோடு நின்று, தாராபுரத்துக் கோல்கீப்பரைச் சத்தம் போட்டு வைதுகொண்டிருந்தாள்.

எல்லாரையும் முன்னால் விட்டுவிட்டு ராஜவேல் நாலு வரிசை பின்னால் போய்விட்டிருந்தார். முன்னால் நின்றவன் பனைமரம் மாதிரி உயரம். எக்கிப் பார்த்தார், பக்கவாட்டில் சாய்ந்து பார்த்தார், முதுகுதான் தெரிந்தது. திடீரென்று அந்தச் சத்தம் எழுந்தது. தரை அதிர்ந்தது. சுற்றியிருந்த கைகளெல்லாம் மேலே போயின, யாரோ அவரைக் கட்டிப்பிடித்துக் குலுக்கினார்கள்.

காரைத் தெருமுனையிலேயே விட்டுவிட்டு, சட்டை கசங்க இடித்துப் பிடித்து வந்து சேர்ந்தார் சிவசுப்பிரமணியம். "அண்ணா! யாருங்ணா கோல் போட்டது?"

"தெரியலீங்களே!" என்றார் ராஜவேல். "கூட்டத்துல ஒண்ணுமே பாக்க முடியலீங்க!"

சொல்லும்போதே கண்ணில் நீர் இறங்கியது. துடைத்துக்கொள்ளக் கையைத் தூக்க இடமில்லை. இத்தனை வருடத்தில் அவர் இவ்வளவு சந்தோஷமாக ஒரு கோலைத் தவறவிட்டதேயில்லை.