அழுத்தாமல் பூசக் கற்றேன்

முதலில் உள்ளங்கால்கள் மரத்தன. முல்லைத்தீவுக் கரையில் ஒரு வள்ளத்துக்குப் பெயர் எழுதிக்கொண்டிருந்தேன். அதுதான் என் தொழில். இரண்டு வாரத்துக்கு முன் வயிற்றோட்டம் வந்து போயிருந்தது. இரண்டையும் நான் சேர்த்துப் பார்க்கவில்லை. மூன்றாம் நாள் கதிரையிலிருந்து எழும்ப முடியவில்லை. ஐந்தாம் நாள் தேநீர்க் கோப்பை கையில் நிற்கவில்லை.

வவுனியா ஆஸ்பத்திரிக்கு அனுப்பினார்கள். முள்ளந்தண்டிலிருந்து நீர் எடுத்துப் பார்த்துவிட்டு, கில்லன் பாரே (உடலின் எதிர்ப்புச் சக்தி தன் நரம்புகளையே தாக்கும் நோய்) என்றார் மருத்துவர்.

"நரம்பின்ர உறை பழுதாப் போச்சு. அது திரும்ப வளரும். ஆனா அவசரப்படுத்த ஏலாது," என்றார்.

"எத்தினை நாளில, டொக்டர்?"

"மாதக்கணக்கா யோசியுங்கோ."

ஐந்து நாள் இம்யூனோகுளோபுலின் ஏற்றினார்கள் (எதிர்ப்புப் புரதம் கலந்த மருந்து). என் மனைவி ஸ்டெலா சோறு ஊட்டினாள், உடம்பு துடைத்தாள், கட்டிலுக்குப் பக்கத்துக் கதிரையிலேயே உறங்கினாள். நான் கூரையைப் பார்த்தபடி, எழுத வேண்டிய வள்ளங்களை மட்டுமே நினைத்துக்கொண்டிருந்தேன்.

விரல்கள் கொஞ்சம் அசையத் தொடங்கியதும் தொழில்வழிச் சிகிச்சையாளர் (அன்றாட வேலைகளுக்குக் கையைப் பழக்குபவர்) பர்ஹானா வந்தார். என்னைவிட இருபது வயதாவது இளையவர். பள்ளிப் பிள்ளைகளின் பாஸ்டல் வண்ணக்கட்டிப் பெட்டி ஒன்றையும் ஒரு தாளையும் என் மடியில் வைத்தார். எனக்கு அவமானமாக இருந்தது. எஞ்சியிருந்த பலத்தையெல்லாம் திரட்டி நீலத்தைத் தேய்த்தேன்.

"அழுத்தாதேங்கோ அண்ணை. முதலே அழுத்தினா தாளின்ர சொரசொரப்பு நிரம்பிடும். பிறகு மேல ஒரு நிறமும் ஏறாது."

வள்ளத்தில் ஒரே இழுப்பில் எழுத்தை முடிப்பவன் நான். அன்று தாளைக் கசக்கி எறிந்தேன். மறுநாளும் அவர் வந்தார். மெல்லத் தடவினேன், நீலத்தின் மேல் பச்சை, அதன் மேல் கொஞ்சம் மஞ்சள். எங்கள் கரையோரக் களப்பு (கடல்நீர் உள்வாங்கிய காயல்) நீரின் நிறம் வந்தது. என் பலவீனமான கைக்கும் அது முடிந்தது.

வீடு வந்தபின் தூரிகையும் நீர்வர்ணமும். தண்ணீராய்க் கரைத்த நிறத்தை ஒரு தடவை பூசி, நன்றாகக் காயவிட்டு, அடுத்ததைப் பூச வேண்டும். பொறுக்காமல் பூசினால் கீழே இருப்பது கரைந்து சேறாகும். பல தாள்களைச் சேறாக்கினேன். இதே நோயில் படுத்திருப்பவருக்குச் சொல்ல என்னிடம் இருப்பது இவ்வளவுதான்: வீணான நாட்களும் நாட்கள்தான், அவற்றிலும் விரல் அசைந்திருக்கிறது.

சென்ற மாதம் ஸ்டெலாவை வரைந்தேன். ஆஸ்பத்திரிக் கதிரையில் தலை சாய்ந்த முகம். முகத்துக்கு அடிப்பூச்சாகப் பச்சை, மேலே காவி, அதன் மேல் மண்ணிறம். ஒவ்வொரு பூச்சுக்கும் அந்த முகத்தை மறுபடி நினைக்க வேண்டியிருந்தது. அப்போதுதான் அதை முதல்முறையாகப் பார்த்தேன்.

அவள் படத்தின் முன் வந்து குனிந்து பார்த்தாள்.

"இவ்வளவு களைச்சுப் போயா இருந்தனான்?"

"ஓம். அப்ப எனக்குத் தெரியேல்ல."

"கண்ணுக்குக் கீழ இன்னும் கொஞ்சம் கறுப்பு. பொய் கீறாதேங்கோ."

இடது கையின் இரு விரல்கள் இன்னும் முழுதாய் மடங்குவதில்லை. அவற்றால் தாளைப் பிடித்துக்கொண்டு, கண்ணுக்குக் கீழே மெல்லிய கருநீலம் ஒன்று பூசினேன். அது காயும்வரை பக்கத்துப் பக்கத்தில் இருந்தோம். என் கால்களுக்கு எங்கும் போக அவசரமில்லை.