சோதனை ஆட்டத்தில் என் அக்கா

ஆன்லைனில் ஆளுக்கொரு வேடம் எடுத்துக்கொண்டு, எங்கெங்கோ இருக்கிற முகம் தெரியாதவர்களோடு சேர்ந்து ஆடும் விளையாட்டு அது. இன்னும் வெளியாகவில்லை. முன்கூட்டியே ஆடிப் பார்த்துக் குறை நிறை சொல்ல ஆள் வேண்டும், தமிழிலேயே எழுதலாம் என்று விளம்பரம் வந்தது. சிவகாசியில் ஒரு அச்சகத்தில் கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்து பட்டாசுப் பெட்டி லேபிளுக்குக் கலர் திருத்துகிறவள் நான். காலண்டர் சீசன் முடிந்து ஆர்டர் குறைந்திருந்த நேரம். சும்மா இருக்கிற கைக்கு வேலையாச்சே என்று சேர்ந்துவிட்டேன்.

பழைய காலத்துக் கோட்டை, படை, சந்தை. பீட்டா, அதாவது சோதனைப் பதிப்பு என்பதால் ஓட்டை உடைசலுக்குக் குறைவில்லை. குதிரை சுவருக்குள் நுழைந்து மறுபக்கம் வரும். கதவைத் திறந்தால் கிணறு காணாமல் போகும். இட்லி தின்றும் உயிர் ஏறவில்லை என்று ஒருவர் மூன்று பத்திக்குப் புலம்பியிருந்தார். நான் வில்லாளி. என் முதல் கருத்து இதுதான்: "வெடிமருந்துக் கிடங்குக்குள் படைவீரன் தீப்பந்தத்தோடு போகிறான், ஒன்றும் ஆகவில்லை. எங்கள் ஊரில் சின்னப்பிள்ளைகூடச் சிரிக்கும்."

அதைப் படித்துவிட்டுத்தான் எங்கள் குழுவில் வைத்தியர் வேடம் போட்டிருந்தவன் பேச வந்தான். அடிபட்டு விழுந்தால் உயிர் கொடுக்கிறவன். "நீங்க சிவகாசிப் பக்கமாக்கா? நமக்குக் கோவில்பட்டி. எங்க சித்தி தீப்பெட்டி ஆபீஸ்லதான் இருக்காக" என்றான். ஊர்ப் பேச்சைக் கேட்டதும் மனசு இளகிவிட்டது. ஞாயிற்றுக்கிழமை மத்தியானமெல்லாம் அவனோடு பேசிக்கொண்டே ஆடுவேன். நன்றாகக் கேட்பான். குறுக்கே பேச மாட்டான். அப்படி ஒருவன் எனக்கு அதுவரை வாய்த்ததில்லை.

அவனிடம்தான் அக்காவைச் சொன்னேன்.

அக்கா வெம்பக்கோட்டைப் பக்கம் ஒரு பட்டாசுக் கம்பெனியில் வேலை பார்த்தாள். போனை உள்ளே கொண்டுபோகக் கூடாது. வேனிலிருந்து இறங்கியதும் வாசலில் இருக்கும் மரப்பெட்டியில் போட்டுவிட்டுப் போவார்கள். அன்றைக்கு வெடிச்சத்தம் கேட்டது என்று அச்சகத்தில் பேசிக்கொண்டதும் அவளைக் கூப்பிட்டேன். மணி அடித்துக்கொண்டே இருந்தது. வண்டி பிடித்து அங்கே போனால், வாசலில் அந்தப் பெட்டி மொத்தமாக அலறிக்கொண்டிருந்தது. எல்லா வீட்டிலிருந்தும் கூப்பிடுகிறார்கள், எடுக்க ஆளில்லை. காவலாளி பெட்டிக்குள் கையை விட்டுத் துழாவி அக்காவின் போனை எடுத்து என் கையில் கொடுத்தார். என் பெயர்தான் அதில் மின்னிக்கொண்டிருந்தது.

அக்கா வேலை பார்த்த அறையில் அவளோடு சேர்த்து நான்கு பெண்கள் செத்துப்போனார்கள். மூன்றாம் நாளே கம்பெனியில் பேச்சைக் கிளப்பிவிட்டார்கள். "அவ போனை இடுப்புல சொருகி உள்ள கொண்டு போயிட்டா, அதுல பொறி வந்துருச்சு." அக்காதான் என்று கை காட்டியாயிற்று. பெட்டியிலிருந்து எடுத்துக் கொடுத்த காவலாளியிடம் போய் நின்றேன். "எனக்கு ஞாபகம் இல்ல தாயி" என்று தரையைப் பார்த்துக்கொண்டே சொன்னார். மற்ற மூன்று வீட்டுக்காரர்களும் எங்கள் தெருதான். அம்மா குடத்தைத் தூக்கிக்கொண்டு குழாயடிக்குப் போனால் அவர்கள் இன்றைக்கும் விலகி நின்று குத்திப் பேசுகிறார்கள். பெற்ற பிள்ளையைப் பறிகொடுத்தவளுக்கு அந்தப் பழியும் சேர்ந்தது.

"நான் நம்புறேங்க்கா" என்றான் வைத்தியர். "பெட்டியில இருந்த போனு எப்படிப் பொறி விடும்? அநியாயம்லா." எங்கள் வீட்டுக்கு வெளியே அதைச் சொன்ன முதல் ஆள் அவன். நான் அழுதேன்.

இரண்டாம் கட்டச் சோதனைக்குப் புது ஆட்களைச் சேர்த்தார்கள். புதிதாக ஒரு கிளைக்கதையும் வந்தது. அக்கா, தங்கை. இருவரிடமும் ஒரு மந்திர மணி. ஒருத்தி ஆட்டினால் எவ்வளவு தள்ளி இருந்தாலும் மற்றவளின் மணி ஒலிக்கும். ஒலிக்கும்போது பொறி பறக்கும். அதனால் மருந்துக் கிடங்கு வாசலில் உள்ள மரப்பெட்டியில் மணிகளைப் போட்டுவிட்டுத்தான் உள்ளே போக வேண்டும். அக்காவின் கம்பெனி வாசலில் பார்த்த அதே பெட்டி. நான்தான் தங்கை. "அக்காவை அழைக்க மணியை ஆட்டு" என்று திரையில் வந்தது. ஆட்டினேன். கிடங்கு வெடித்தது. கீழே எழுத்து ஓடியது: "அக்கா தன் மணியை இடுப்பில் மறைத்து உள்ளே எடுத்துச் சென்றிருந்தாள்."

பாவி. என் வாயிலிருந்து கேட்டதை வைத்தே என் கையால் அவளைக் கொல்ல வைத்துவிட்டான்.

உடனே வைத்தியரைக் கூப்பிட்டேன். "நீ இந்த விளையாட்டுக் கம்பெனி ஆளா?"

"ஆமாக்கா. கதை எழுதுற டீம். டெஸ்டர்களோட சேர்ந்து ஆடுறதும் என் வேலைதான்."

"அக்கான்னு கூப்பிடாத. பெட்டியில இருந்துச்சுன்னு உன்கிட்டச் சொன்னேன்ல?"

"முதல்ல அப்படித்தான் எழுதினேன். ஆபீஸ்ல இருக்கவங்க ஆடிப் பார்த்துட்டு, ஏன் வெடிச்சுச்சுன்னே தெரியல, கதை அந்தரத்துல நிக்குதுன்னு சொல்லிட்டாங்க. ஒரு காரணம் வேணும்ல?"

"அதுக்கு எங்கக்காதான் கிடைச்சாளா?"

"அது உங்கக்கா இல்லயே, கதைதான. விளையாட்டுக்குள்ள பேசுறதெல்லாம் கம்பெனிக்குச் சொந்தம்னு சேரும்போதே ஓகே குடுத்திருக்கீக." பிறகு அவனே, "பேசாம அதையே உங்க கருத்தா எழுதிப் போடுங்க, பார்ப்பாங்க" என்றான். போனை வைத்துவிட்டேன்.

கருத்துப் பக்கத்துக்குப் போனேன். புது ஆட்கள் எழுதிக் குவித்திருந்தார்கள். செம ட்விஸ்ட். கண் கலங்கிட்டேன். மணிச்சத்தம் இன்னும் கூட்டலாம். அந்த அக்காவுக்கு அறிவே இல்லையா, கூட இருந்தவர்களையும் சேர்த்துக் கொன்றுவிட்டாளே.

குழாயடியில் கேட்ட அதே பேச்சு. நான் தட்டினேன்: "அவள் உள்ளே கொண்டுபோகவில்லை. பெட்டியில்தான் இருந்தது."

உடனே ஒருவன், "நீங்க கதையைச் சரியா ஆடலை போல. மறுபடி ஆடிப் பாருங்க" என்றான். இன்னும் இரண்டு பேர் அவனை ஆமோதித்தார்கள்.

வைத்தியரின் பெயர் பக்கத்தில் பச்சைப் புள்ளி தெரிந்தது. அங்கே இருக்கிறான், படிக்கிறான். அவனுக்கு உண்மை தெரியும். ஒரு வரி சொன்னால் போதும். காத்திருந்தேன். அவன் எழுதுவதாகக் காட்டியது, நின்றது, மறுபடி காட்டியது. பிறகு என் வரிக்குக் கீழே அவன் பதில் வந்தது.

"உங்கள் மேலான கருத்துக்கு நன்றி."