ஆறாவது வரி

கோலா கெத்தில் ஊரில் அம்மா தனியாக இருக்கும் வீட்டில், குளிர்பெட்டிக் கதவில் அவருக்காக நான் ஒட்டிய பட்டியலில் ஆறு வரிகள். கூலிம் தொழிற்சாலையொன்றில் இயந்திரங்களைச் சோதிப்பது என் வேலை. எதையும் வரிசையாக எழுதிவிட்டால் தவறு நேராது என்று நம்பினேன். ஆறாவது வரி: “இரவு சாப்பாட்டுக்குப் பிறகு, இரத்தம் உறையாமலிருக்க ஒரு மாத்திரை.”

அம்மாவின் இதயத்தில் ஒரு வால்வு உலோகம். நான் படித்துக்கொண்டிருந்தபோது பொருத்தியது. பக்கத்தில் உட்கார்ந்தால் அதன் சத்தம் கைக்கடிகாரம்போல் கேட்கும். இந்த ஆண்டு உயிர்ப்பு ஞாயிறு பூசை முடிந்து காரில் வரும்போது கேட்கவில்லை. ஏர்கான் சத்தம் என்று விட்டுவிட்டேன். நான்கே நாளில் அம்மாவால் மல்லாந்து படுக்க முடியவில்லை, அப்படி மூச்சு இரைத்தது.

மருத்துவமனையில் தாதி மருந்துகளைப் பற்றிக் கேட்டார். அம்மா பெருமையாகவே சொன்னார்.

“என் மக எழுதி ஒட்டுனத அப்படியே செஞ்சேன் மிஸ்ஸி. தவக்காலம் முழுக்க ஒருசந்தி, மத்தியானம் மட்டும்தான் சாப்பாடு. ராத்திரி சாப்பிடல, அதனால அந்த மாத்திரையும் போடல.”

நாற்பது நாள்.

வால்வில் இரத்தம் உறைந்து அடைத்திருந்தது. மாற்றியே ஆக வேண்டும். அறுவை மருத்துவர் தம் இரு உள்ளங்கைகளையும் ஒட்டிவைத்துக் காட்டினார். ஒருமுறை திறந்த நெஞ்சில், தழும்பு வளர்ந்து இதயம் எலும்போடு இப்படி ஒட்டியிருக்கும். மறுபடி திறக்கும்போதே அது கிழியக்கூடும் என்றார். நான் கையெழுத்திட்டேன். இரண்டாவது உறவினர் என்ற கட்டத்தில் எழுத யாருமில்லை.

அறுவைக்கான நாள் காலையில் தள்ளுகட்டிலைக் கொண்டுவருவதற்குள் சொல்லிவிட்டேன்.

“அம்மா, தப்பு என்னோடது. சாப்பிடாட்டியும் போடணும்னு நான் எழுதல.”

“ஒருசந்தி இருந்தது நீயா, நானா? மூஞ்ச கழுவிட்டு ரொட்டி சானாய் சாப்பிடு லா. இந்தா ஜெபமாலை, உள்ள கொண்டுபோக விடமாட்டாங்களாம்.”

மற்ற குடும்பங்கள் கூட்டமாக, பிளாஸ்க்கும் பாயுமாக வந்திருந்தன. என் பக்கத்து நாற்காலியில் அம்மாவின் செருப்புப் பை. வேலையிடத்திலிருந்து ஓர் இயந்திரத்தைப் பற்றிக் கேட்டுச் செய்தி வந்தது. உடனே விரிவாகப் பதில் அனுப்பினேன். பிறகு தொலைபேசியில் இருந்த பெயர்களை மேலிருந்து கீழ்வரை பார்த்தேன். யாரையும் அழைக்கவில்லை. ஏழு மணி நேரம்.

மருத்துவர் வெளியே வந்து, எலும்பிலிருந்து இதயத்தைப் பிரிக்கவே பாதி நேரம் ஆனதென்றார். பிரிந்துவிட்டது, புதிய உலோக வால்வும் பொருத்தியாயிற்று என்றார்.

அம்மாவோடு வீடு திரும்பியதும் பட்டியலை மாற்றினேன். “இரவு எட்டு மணி. சாப்பிட்டாலும், சாப்பிடாவிட்டாலும்.”

“எழுத்த பெருசா போடு லா. அடுத்த வருஷமும் ஒருசந்தி இருப்பேன், இப்பவே சொல்லிட்டேன்.”

விடுப்பு முடிந்து கூலிமில் என் வாடகை அறைக்குத் திரும்பிவிட்டேன். தினமும் எட்டு மணிக்கு அழைக்கிறேன்.

“போட்டாச்சு,” என்று சொல்லி அம்மா உடனே வைத்துவிடுகிறார். வைப்பதற்குள் அந்தச் சத்தம் கேட்கிறதா என்று காதை அழுத்திப் பார்க்கிறேன். தொலைபேசியில் அது கேட்பதில்லை.