அம்மா பிரித்த பொட்டலம்

"பெரியவளுக்கு இடம் இருக்கு. சின்னவள வேற ஸ்கூல்ல போடுங்க லா," என்றார் பள்ளிக் குமாஸ்தா. என் இரண்டு மகள்களோடு உம்பாயிலிருந்து புக்கிட் காத்திலுக்கு வீடு மாறி ஒரு வாரம்கூட ஆகவில்லை. பதில் சொல்ல வாயெடுத்தேன். கேண்டீனிலிருந்து சம்பல் வாசம் வந்தது.

செலண்டார் ரப்பர் தோட்டத்தை விட்டு டவுனுக்கு வந்தபோது நான் மூன்றாம் வகுப்பு. அப்போதும் எனக்கு இடம் இருந்தது, தம்பிக்கு இல்லை. அம்மாவோ இருவர் சப்பாத்துக்கும் வெள்ளை பூசி, சீருடை மாட்டியே கூட்டிப்போயிருந்தாள்.

தோட்டத்தில் குழாயில் தண்ணீர் நின்றால் சனங்கள் ஆபீஸ் வாசலில் போய் உட்கார்ந்துவிடுவார்கள். தண்ணீர் வந்த பிறகுதான் எழுந்திருப்பார்கள். அம்மாவுக்குத் தெரிந்த வழி அதுதான். தலைமையாசிரியர் முடியாது என்றதும் வராந்தாவில் சம்மணம் போட்டு, எங்களையும் உட்காரவைத்து, தேங்காய்ப்பால் சோறும் சம்பலுமாய்க் கட்டிய நாசி லெமாக் பொட்டலத்தைப் பிரித்தாள். வாழையிலைச் சூட்டோடு சம்பல் வாசம் அறைக்குள்ளே ஏறியது. அவர் வெளியே வந்தார்.

"ஏம்மா, இது தோட்டமில்ல. இங்கல்லாம் இப்படி உட்காரக் கூடாது."

"நின்னா கால் வலிக்குது சார். நீங்க யோசிங்க, நாங்க சாப்பிடுறோம்."

பள்ளி விடும் மணி அடிப்பதற்குள் தம்பிக்கு ஒன்றாம் வகுப்பில் நாற்காலி போட்டாயிற்று.

"அம்மா, போலாமா?" என்று என் கையை இழுத்தாள் சின்னவள். குமாஸ்தாவும் அதைத்தான் எதிர்பார்த்தார்.

நான் செருப்பைக் கழற்றிவிட்டு வராந்தாவில் உட்கார்ந்தேன்.

"அக்காவும் நீயும் கேண்டீனுக்குப் போயி மூணு நாசி லெமாக் வாங்கிட்டு வாங்க. இங்கதான் சாப்பிடப் போறோம்."