என் சீட்டில் இருந்தது சாலை

வெளியூரில் படிக்கும் என் மகளுக்குப் போன வாரம் பல்கலைக்கழகப் பேச்சுப்போட்டி மேடையில் பேச்சே வரவில்லை. பாதியில் இறங்கியவள் விடுதிக்குக்கூடப் போகாமல், செல்போனை அணைத்துவிட்டு, பஸ் ஏறித் திருநகர் வீட்டு வாசலில் வந்து நின்றாள். அவள் எங்கே என்று தெரியாமல் அந்த மூன்று மணி நேரமும் அவள் எண்ணுக்கே திரும்பத் திரும்ப அடித்துக்கொண்டிருந்தேன்.

"இனிமே அங்க போகமாட்டேம்மா" என்று படுத்தவள் நான்கு நாளாகச் சரியாக எழவில்லை. ஐந்தாம் நாள், துவைத்த துணிகளை மடித்துக்கொண்டே, யாரிடமும் சொல்லாத ஒன்றை அவளிடம் சொன்னேன்.

நான் முதுகலை படித்தபோது எங்கள் விவாத மன்றத்தில் ஒரு வழக்கம். இரண்டு பக்கத்துக்கும் தயாராகி வரவேண்டும். மேடை ஏறும்போதுதான் டம்ளரிலிருந்து சீட்டு எடுப்போம். அன்றைய தலைப்பு, கிராமத்துக்கு முதலில் வேண்டியது சாலையா, பள்ளிக்கூடமா. எனக்கு வந்தது சாலை. நானோ பதற்றத்தில் பள்ளிக்கூடத்துக்காக முழங்கிக்கொண்டிருந்தேன். முன்வரிசை முகங்கள் மாறியபோதுதான் உறைத்தது. நடுவராக இருந்த பேராசிரியர் என்னை நிறுத்த மேசை மணியைத் தூக்கினார். எனக்கு எதிராகப் பேசவேண்டிய மேலூர்ப் பக்கத்து அண்ணன் உட்கார்ந்தபடியே அவரைக் கையமர்த்தினார். மணி கீழே இறங்கியது. நான் முடித்ததும் அந்த அண்ணன் எழுந்து, தன் பள்ளிக்கூடச் சீட்டைச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டு, சாலைக்காகப் பேசினார். முதல் பரிசும் அவருக்கே.

"ஏண்ணே இப்படிச் செஞ்சீங்க?" என்று கேட்டேன்.

"மழைக்காலத்துல எங்க ஊருக்கு வந்து பாரு தாயி. பள்ளிக்கூடம் இருக்கு, போகத்தான் வழியில்ல" என்று சிரித்தார்.

என்னைக் காப்பாற்றினாரா, என் பிசகைப் பிடித்துக்கொண்டு முன்னேறினாரா? இன்றுவரை எனக்கு விளங்கவில்லை.

மகள் எழுந்து உட்கார்ந்தாள். "வெவரமான ஆளுதான். உன்னைய வச்சே ஜெயிச்சுட்டாரு." சிரித்துவிட்டாள். "அப்புறம் நீ எப்பம்மா பேசின?"

பொய் சொல்லியிருக்கலாம்.

"பேசவே இல்ல. நாடகத்துல திரைக்குப் பின்னால நின்னு மத்தவங்களுக்கு வசனம் எடுத்துக் கொடுத்தேன். அம்புட்டுத்தான்."

"ஒரு தடவகூடவா?"

"ஒரு தடவகூட இல்ல."

கட்டிலை விட்டு இறங்கினாள். பிறகு மடித்த அடுக்கிலிருந்து தன் சுடிதார்களை மட்டும் உருவிப் பையில் வைத்தாள்.

"காலைல மொத பஸ்சு எத்தன மணிக்கும்மா?"

சொன்னேன். "போய்ச் சேர்ந்ததும் போன் பண்ணுடி."

"பண்றேன். ஆஃப் பண்ணி வைக்க மாட்டேன், போதுமா?"