மொய் எழுதிப் பிழைத்த உடம்பு

என் நோயை முதலில் தொட்டுப் பார்த்தது அரிசி தேடிய ஒரு கை.

அது மலாயாவில் வெள்ளைக்காரர்கள் அறிவித்திருந்த அவசரகாலம். காட்டுக்குள் இருந்த கம்யூனிஸ்டுகளுக்கு நாங்கள் சோறு கொண்டுபோய்க் கொடுத்துவிடுவோம் என்று, நெகிரி செம்பிலானில் எங்கள் தோட்டத்து வரிசை வீடுகளான லயங்களைச் சுற்றி முள்கம்பி வேலி போட்டிருந்தார்கள். காலையில் ரப்பர் மரத்தில் பால் வெட்டப் போகும்போது வாசலில் கையைத் தூக்கிக்கொண்டு வரிசையில் நிற்க வேண்டும். காவல்காரர்கள் மடியைத் தடவிப் பார்த்து, வாளியைக் கவிழ்த்துப் பார்த்து வெளியே விடுவார்கள். ஒரு பிடி அரிசி அகப்பட்டாலும் சிறைதான்.

எனக்கு இருபத்துமூன்று வயது. வலது விதை நான்கு மாதமாக வீங்கிக்கொண்டிருந்தது. வலி இல்லை. தோட்டத்து டிரெஸ்ஸர் (டாக்டர் இல்லாத தோட்டங்களில் மருந்து கொடுப்பவர்) என்னைத் தொட்டுக்கூடப் பார்க்கவில்லை. "ஓதந்தான்டா. பால் வாளி தூக்குறவனுக்கெல்லாம் வர்றதுதான். துணிய வச்சு இறுக்கிக் கட்டிக்க" என்றார். ஓதம் என்றால் விதைப்பையில் நீர் கோர்த்துக்கொள்வது. சுமை தூக்கினால் வரும் என்று நாங்கள் எல்லோரும் நம்பினோம். நானும் கட்டிக்கொண்டு வேலைக்குப் போனேன்.

அந்தக் கட்டுதான் காவல்காரனின் கையில் பட்டது.

"என்னடா இது? அரிசியா?"

"இல்லீங்க, ஓதம்."

"அவுருடா."

எல்லோருக்கும் முன்னால் அவிழ்க்க வைத்தான். பக்கத்துப் பெண்கள் வரிசையில், எனக்கு நிச்சயம் செய்திருந்த பாக்கியம் நின்றாள். அவன் அமுக்கிப் பார்த்துவிட்டு முகம் மாறினான். "ஓதம்னா மெத்துன்னு இருக்கும்லா. இது கல்லாட்டம் இருக்கு. சிரம்பான் போற லாரி நிக்குது, ஏறு" என்றான்.

அவனுக்கு நான் கடமைப்பட்டவன் என்று பிறகு பலர் சொன்னார்கள். இருக்கலாம். ஆனால் பார்க்க வேண்டியவர் பார்க்காததை, என்னைத் திருடன் என்று நினைத்த ஒருவன் பார்த்தான் என்பதில் நான் யாருக்கு நன்றி சொல்வது? இதை எழுதும்போதும் எனக்கு எரிகிறது.

சிரம்பான் ஆஸ்பத்திரியில் என்னைப் பார்த்தவர் ஒரு யாழ்ப்பாணத்து டாக்டர். சுற்றி வளைக்காமல் பேசினார்.

"தம்பி, இது ஓதமில்லை, புற்றுநோய். விதையை எடுக்கவேணும். எடுத்தாப் பிறகு சிங்கப்பூருக்குப் போய்க் கதிர் வைக்கவேணும். ஆறு கிழமை ஆகும்."

கதிர் சிகிச்சை என்றால், வயிற்றுக்குள் பரவியிருக்கக்கூடிய நோயை ஊடுகதிர் பாய்ச்சிக் கருக்குவது. போகாவிட்டால் என்ன ஆகும் என்று கேட்டேன். "திரும்பி வரும். வந்தால் என்னாலை ஒண்டும் செய்ய ஏலாது. ரெண்டு மாசத்துக்குள்ளை போ" என்றார்.

அடிவயிற்றின் மடிப்பில் வெட்டி விதையை எடுத்தார்கள். பக்கத்துக் கட்டிலில் மாணிக்கம் அண்ணன் படுத்திருந்தார். லுக்குட் பக்கத்துத் தோட்டம், முப்பது வயது, மனைவியும் இரண்டு பிள்ளைகளும். அவருக்கும் அதே நோய், அதே வெட்டு, அதே இரண்டு மாதக் கெடு. இருவரும் தையலைப் பிடித்துக்கொண்டு ஒரு பக்கமாகச் சாய்ந்து கழிவறைக்கு நடப்போம். "பாருடா, ரெண்டு பேருக்கும் சேத்து ரெண்டு. கணக்கு சரியாத்தான் இருக்கு" என்பார். சிரித்தால் தையல் இழுக்கும். சிரிக்காதே என்று சொல்லிவிட்டு இன்னொன்று சொல்வார்.

ஆஸ்பத்திரியில் எங்களிடம் காசு கேட்கவில்லை. ஆனால் சிங்கப்பூருக்கு ரயிலில் போக வேண்டும், ஆறு வாரம் எங்காவது தங்கிச் சாப்பிட வேண்டும். நாங்களோ நாள்கூலிகள், வேலைக்குப் போகாத நாளுக்குச் சம்பளம் கிடையாது. அம்மா கிராணியிடம் (தோட்டத்து எழுத்தர்) போய்க் கேட்டாள். "வேலையில அடிபட்டதில்லையே. தொர எதுக்குக் குடுக்கணும்?" என்றார் அவர். மாதக் கடைசிக்குள் நான் வேலைக்குத் திரும்பாவிட்டால் லய வீட்டைக் காலிசெய்ய வேண்டியிருக்கும் என்றும் சேர்த்துச் சொன்னார்.

அம்மா துண்டை ஏந்திக்கொண்டு வீடு வீடாகப் போனாள். நான்காவது வீட்டில் காவல்காரர்கள் பிடித்துக்கொண்டார்கள். அந்தக் காலத்தில் ஆளுக்குக் கொஞ்சம் வசூலிப்பது என்றாலே காட்டுக்குப் போகும் சந்தா என்று அர்த்தம். காலையிலிருந்து மாலைவரை அம்மாவைக் காவல் கொட்டகையில் நிற்க வைத்துக் கேட்டார்கள். பணம் யாருக்கு? மகனுக்கு. மகன் எங்கே, காட்டிலா? ஆஸ்பத்திரியில் என்ற அவளுடைய பதிலை எழுதிக்கொள்ளவே அவர்களுக்கு மாலை ஆகிவிட்டது.

இதைக் கேட்டபோது நான் கட்டிலில் கிடந்தபடி கத்தினேன். நான் சாவதற்கு யாருடைய அனுமதியும் தேவைப்படவில்லை. என்னைப் பிழைக்க வைக்கத்தான் அனுமதி வேண்டியிருந்தது.

வழி கண்டுபிடித்தவள் பாக்கியம். அன்று அவள் வீட்டில் நடந்ததை என்னிடம் பல வருடம் கழித்துத்தான் சொன்னாள்.

"அப்பா, கல்யாணம்னா கூட்டம் கூட தொர பர்மிட் குடுப்பாரு. மொய் எழுதுனா போலீசு ஒண்ணும் கேக்காது. தைக்கு வச்சத இந்த மாசமே வச்சிரு. அந்தப் பணத்துல அவரு சிங்கப்பூரு போவட்டும்."

அவள் அப்பா தோட்டத்தில் மண்டோர், எங்களை வேலை வாங்குகிறவர். கௌரவம் பார்க்கிற மனிதர். "ஊரே பாத்துச்சு. அவன் இனி ஆம்பளையா இருப்பானா? போயித் திரும்பி வரலன்னா?" என்றிருக்கிறார்.

"வரலன்னா அப்ப அழுவுறேன். இப்பயே எதுக்கு அழுவணும்?"

எனக்கு இந்த ஏற்பாடு பிடிக்கவில்லை. பார்க்க வந்தவளிடம், "இது கல்யாணமில்ல, பிச்ச" என்றேன்.

"இருந்துட்டுப் போவட்டும். மால போட்டுட்டு எடுக்குற பிச்சதானே" என்றாள். அதற்குமேல் என்னோடு வாதம் செய்யவில்லை. கொண்டுவந்த ஆரஞ்சை உரித்து, பாதியை மாணிக்கம் அண்ணனிடம் கொடுத்தாள்.

அவர் எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டுதான் படுத்திருந்தார். அவள் போனதும் சொன்னார்: "நீ குடுத்து வச்சவன்டா. எனக்குக் கல்யாணமும் ஆயிருச்சு, புள்ளைங்களுக்குக் காதும் குத்தியாச்சு. இனி எனக்கு மொய் வர்றதுன்னா கருமாதிக்குத்தான்லா."

அந்தத் தடவை இரண்டு பேருமே சிரிக்கவில்லை.

தையல் பிரித்த ஒன்பதாம் நாள் மணவறையில் உட்கார்ந்தேன். சம்மணமிட முடியாமல் ஒரு காலை நீட்டிக்கொண்டிருந்தேன். ஊரடங்குக்கு முன் முடிக்க வேண்டும் என்று ஐயர் இல்லாமலே பெரியவர்கள் தாலி எடுத்துக் கொடுத்தார்கள். கையைத் தூக்கிச் சோதனைக்கு நிற்கும் அத்தனை பேரும் வந்து மொய் எழுதினார்கள். வழக்கமாக எழுதுவதைவிட யாரும் குறைக்கவில்லை, பலர் கூட்டித்தான் எழுதினார்கள். மாப்பிள்ளை எங்கே போகப்போகிறான் என்று எல்லோருக்கும் தெரியும். வாசலில் நின்ற காவல்காரனுக்கும் தெரியும்.

சிங்கப்பூரில் ஆறு வாரம் கதிர் வைத்தார்கள். வைக்கும்போது ஒன்றும் தெரியாது. பிறகு குமட்டும், எதைத் தின்றாலும் இரும்பை நக்கியதுபோல் இருக்கும். வயிற்றுத் தோல் கருத்து உரிந்தது. உங்களுக்கும் இப்படி ஆனால் பயப்படாதீர்கள், புதுத்தோல் வரும். ஒரு விதை போனதால் ஆண்மை போய்விடாது என்பதையும் யாரும் உங்களிடம் சொல்லாமல் விட்டிருந்தால் நான் சொல்கிறேன். ஆறு வருடம் கழித்து எங்களுக்கு ஒரு மகள் பிறந்தாள். அந்த ஆறு வருடமும் குழாயடியில் பாக்கியம் என்னென்ன பேச்சுக் கேட்டாள் என்பதை அவளே எழுதினால்தான் சரியாக இருக்கும்.

மாணிக்கம் அண்ணன் சிங்கப்பூருக்குப் போகவில்லை. ஐந்தாம் மாதம் வயிற்றில் கட்டிகள் தெரிந்தன. பிறகு இருமல் வந்தது. இருமல் வந்த மூன்றாம் வாரம் முடிந்துவிட்டது.

கருமாதிக்குப் போனேன். கூட்டம் கூட அனுமதி கேட்ட அன்றே கிடைத்துவிட்டதாகச் சொன்னார்கள். அவருடைய தோட்டமே திரண்டு வந்திருந்தது. தாம்பாளத்தில் நோட்டும் சில்லறையும் குவிந்து கிடந்தன, பக்கத்தில் ஒருவர் பெயர் சொல்லச் சொல்ல எழுதிக்கொண்டிருந்தார். சிங்கப்பூருக்கு அவர் மனைவியையும் கூட்டிக்கொண்டு போய்வந்திருக்கலாம், அவ்வளவு பணம். என்னால் பொறுக்க முடியவில்லை. "அஞ்சு மாசத்துக்கு முன்னாடி எங்கய்யா இருந்துச்சு இந்தக் காசு?" என்று கத்திவிட்டேன். யாரும் என்னை அடக்கவில்லை. எழுதிக்கொண்டிருந்தவர் பென்சிலைக் கீழே வைத்துவிட்டார். அவர்கள் மீது எனக்குக் கோபமில்லை. நோயாளிக்குக் கொடுப்பதைக் குற்றமாக்கிவிட்டுப் பிணத்துக்குக் கொடுப்பதற்கு முத்திரை குத்திய ஆட்சியின் மீது இருந்த கோபம் இன்னும் ஆறவில்லை, ஆறவும் வேண்டாம்.

வேலி போய்ப் பல வருடமாகிவிட்டது. என் உடம்பு மட்டும் அதை மறக்கவில்லை. யார் பின்னாலிருந்து இடுப்பைத் தொட்டாலும் கை தானாக மேலே போகும். பாக்கியம் இறக்கிவிடுவாள். காலத்தையும் எல்லோரையும்போல என்னால் எண்ண முடிவதில்லை. எனக்குக் கிடைத்த ஒவ்வொரு வருடமும் யாரோ ஒரு மனிதர் பெயர் சொல்லி எழுதிவைத்த வருடம். என் கல்யாண மொய் நோட்டில் மாணிக்கம் அண்ணனின் பெயரும் இருக்கிறது. ஆஸ்பத்திரியிலிருந்து வந்த இரண்டாம் வாரம், வர முடியாமல், ஆள் மூலம் ஒரு வெள்ளி (எங்கள் ஊர் டாலர்) கொடுத்தனுப்பியிருந்தார்.

இப்போது யாராவது இந்த நோயில் படுத்திருக்கிறான் என்று கேள்விப்பட்டால், பணத்தை வெற்றிலை பாக்கோடு ஒரு தட்டில் வைத்து எடுத்துக்கொண்டு நேராக அவன் வீட்டுக்குப் போய்விடுகிறேன். போன மாதம் லுக்குட்டில் ஒரு வீட்டுக்குப் போனேன். இருபத்தைந்து வயதுப் பையன். தட்டைப் பார்த்ததும் அவனுடைய அப்பாவுக்குக் கோபம் வந்துவிட்டது.

"என்னாய்யா இது? செத்தா போயிட்டான் எம்மவன், மொய் வைக்க வந்துட்டீங்க?"

"சாவலங்க. அதனாலதான் வந்தேன்" என்றேன்.